இறையியல் உண்மையும் வரலாற்று உண்மையும்

நடந்தது என்று சான்று காட்டக்கூடியதற்கும், நடந்ததன் பொருள் இதுவென்று திருச்சபை விசுவசிப்பதற்கும் என்ன உறவு என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய வழக்கு. பின்நவீனத்துவம் வந்தபின் அது மறுபடி சூடுபிடித்தது. தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க ஓரியூர் போதும். இன்று அது இராமநாதபுரம் மாவட்டம்.

தமிழில் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ, லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர். மதுரை மிஷனின் சேசு சபைக் குரு. சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் 1686-இல் பிடிபட்டு, அடிபட்டு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்ற உத்தரவோடு விடுபட்டார். ஐரோப்பா போய் 1690-இல் திரும்பினார். சேதுபதி குடும்பத்துத் தடியத்தேவர் நோய் தீர்ந்து அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அப்போது அரசராயிருந்த கிழவன் சேதுபதிக்கு உறவு. 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று, ஓரியூரில் குருவின் தலை விழுந்தது. ரோமாபுரி அவருக்கு 1947-இல் புனிதர் பட்டம் கொடுத்தது.

இவ்வளவும் தேதியோடு சொல்லக்கூடியவை. மண்ணின் கதை வேறு. வெட்டிய இடத்து மணல் அவர் இரத்தத்தால் சிவந்தது என்பது விசுவாசம். 'செம்மண் புனிதர்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. கரிசல் பக்கமிருந்து போகிறவர் கண்ணில் அந்தச் சிவப்பு சட்டென்று தைக்கும். ஒரு பிடியை முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களில் இந்துக்களும் உண்டு. இந்த மாவட்டத்துக் கடலோரத் தேரிகளிலும் செம்மணல் கிடக்கிறது, அங்கே நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. பிள்ளைவரம் கேட்டு மண் எடுக்கிறவளிடம் இதைச் சொன்னால் மறுக்கமாட்டாள்; மண்ணைக் கீழே போடவும் மாட்டாள். வெட்டுண்டவன் இரத்தம் விழுந்த இடத்துக்குச் சக்தி உண்டு என்பது காவல் தெய்வங்களின் ஊரில் பழைய கணக்கு. வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி 1989-இல் வெளியிட்ட நூலில் ஓரியூர் வழிபாட்டை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்த்தார்.

இந்த இரு உண்மைகளின் உறவைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். மேலை நாட்டில் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன் 1941-இல் புராணக் கூறுகளுக்கு மறுவிளக்கம் தந்து நற்செய்தியை எடுக்கச் சொன்னார். லியோதார் 1979-இல், பெருங்கதையாடல்களை இனி நம்ப முடியாத நிலையே பின்நவீனம் என்றார். ஜார்ஜ் லிண்ட்பெக் 1984-இல், கோட்பாடுகள் ஒரு சமூகத்தின் மொழிக்கு இலக்கணம் போன்றவை என்றார். சென்னையில் சக்கரைச் செட்டியார் அதற்கு வெகுமுன்பே, வரலாற்று இயேசுவை அனுபவத்தில் அறியும் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்க மறுத்தவர். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு 'ஒரே உலை'யில் பொங்கி உண்பதையே இறையியலாக்கினார்.

உண்மையை இப்படிச் சமூகத்தின் மொழியிலும் அனுபவத்திலும் தேடுவதிலுள்ள ஆபத்து, சமூகம் சொல்வதெல்லாம் உண்மை என்று ஆகிவிடுவது. ஓரியூரில் அந்தச் சறுக்கல் மணலில் இல்லை, மரணத்தின் காரணத்தில் இருக்கிறது. விசுவாசத்துக்காக இறந்தார் என்கிறது திருச்சபை. குடும்ப மானத்துக்கும் அரசுரிமைப் போட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார் என்பார் அரசியல் வரலாறு எழுதுபவர். இருவரும் புரட்டுவது பெரும்பாலும் சேசு சபைக் கடிதங்களையே. விலக்கப்பட்ட மனைவியர் சொன்னதை அவர்கள் வாயால் கேட்டு எழுதிவைத்த ஏடு மட்டும் இரு தரப்பின் கையிலும் இல்லை.