ஐஸ் விழவில்லை என்றால் என்ன பார்ப்பது? ஐஸ் மெஷின் செய்த ஒரு டாக்டரின் கதை

1/
வெயில் ஏறினாலே வர்ற புகார் இது: "ஃப்ரிட்ஜ் ஓடுது, லைட் எரியுது, ஆனா ஐஸ் மட்டும் விழ மாட்டேங்குது." தானாகவே ஐஸ் செய்யும் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே பார்க்க வேண்டியது நாலைந்து விஷயம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு. ஏன்னா, ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் முதல் காப்புரிமை வாங்கியவர் ஒரு டாக்டர்.

2/
ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவுவோம் இல்லையா? அந்த இடம் ஜில்லுனு இருக்கும். திரவம் ஆவியாகும்போது நம்ம தோலில் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகுது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் இதை ஈதரை வைத்துச் செய்து பார்த்தார். காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்துக்குள் ஈதரை வேகமாக ஆவியாக்கினால் பக்கத்தில் உள்ள தண்ணீர் உறைகிறது என்று 1756-ல் எழுதினார்.

3/
அவருடைய மாணவர் ஜோசப் பிளாக். இவரும் மருத்துவர்தான். பூஜ்யம் டிகிரி ஐஸ், பூஜ்யம் டிகிரி தண்ணீராக மாறுவதற்கே ஏராளமான வெப்பம் வேண்டும் என்று கண்டுபிடித்தவர். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி. அதே வெப்பத்தில் அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்! ஐஸ் கட்டி மெதுவாக உருகுவதும், அதுவரை சுற்றியுள்ளதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதும் இதனால்தான்.

4/
அறிவியல் தெரிந்துவிட்டது. ஆனால் மெஷின் வரவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஐஸ் என்றால் குளிர்நாட்டு ஏரியில் வெட்டி எடுப்பதுதான். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் இதைப் பெரிய வியாபாரமாக்கினார். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் மிச்சம் இருந்தது.

5/
1842-ல் நம்ம மெட்ராஸ் கடற்கரையில் அந்த ஐஸை இறக்கி வைக்க ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணியில் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்று சொல்கிறோமே, அதேதான். டியூடர் கம்பெனிக்காக கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் ஐஸ் கிடங்குகள் இருந்தன. மிஞ்சியிருப்பது மெட்ராஸில் உள்ளது மட்டும்.

6/
இப்போ கதையின் நாயகனுக்கு வருவோம். டாக்டர் ஜான் கோரி. 1833-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்ற ஊருக்கு வந்தார். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பருத்தித் துறைமுகம். சுற்றிலும் சதுப்பு நிலம். கோடை வந்தால் மலேரியா, அதோடு மஞ்சள் காய்ச்சல்.

7/
மஞ்சள் காய்ச்சல் எப்படிப்பட்டது? கடும் ஜுரம், முதுகுவலி, வாந்தி. சிலருக்கு ஒரு நாள் குறைந்த மாதிரி தெரியும். வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். பிறகு கண் மஞ்சளாகும், ரத்தக்கசிவு, கறுப்பு வாந்தி. இன்றைக்கும் இதற்கென்று தனி மருந்து கிடையாது. தடுப்பூசி 1930-களில்தான் வந்தது. 1841-ல் தாக்கிய மஞ்சள் காய்ச்சலுக்குப் பிறகு பக்கத்து ஊர் செயின்ட் ஜோசப் காலியாகிப் போனது.

8/
கோரியின் கையில் என்ன இருந்தது? ஜுரத்தில் கொதிக்கும் உடம்பும், புழுங்கும் அறையும்தான். அறையைக் குளிர வைப்போம் என்று முடிவு செய்தார். கூரையில் ஒரு பாத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டு அதில் ஐஸ் வைத்தார். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். படுக்கைமேல் படிந்து, தரையோரத் திறப்பு வழியாக வெளியேறும். நோயாளி அறைக்கு ஏசி போட்டுவிட்டார், கரண்ட் இல்லாமலே!

9/
சிக்கல் எங்கே? ஐஸ் வடக்கில் இருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வரவில்லை என்றால் வைத்தியம் இல்லை. ஜுரம் உச்சத்தில் இருக்கும் கோடையில்தான் கையிருப்பு உருகித் தீரும். யோசித்துப் பாருங்க, நோயாளி படுக்கையில் இருக்கிறார், மருந்து 2,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரியில் இருக்கிறது.

10/
அப்போ இங்கேயே செய்தால் என்ன? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீரால் ஆற்றிவிட்டு, பிறகு காற்றை விரிய விட்டால் அது கடுமையாகக் குளிரும். கோரியின் மெஷின் இதைத்தான் செய்தது. குளிர்ந்த காற்று உப்புநீரைக் குளிர்விக்கும், அதற்குள் வைத்த தண்ணீர் ஐஸாகும்.

11/
1845 வாக்கில் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். 1851 மே 6 அன்று காப்புரிமை கிடைத்தது. எண் 8080.

12/
ஆனால் மெஷின் ஒழுங்காக ஓடவில்லை. அழுத்திய காற்றை அடைத்து வைக்கத் துல்லியமான சிலிண்டர் வேண்டும், இறுக்கமான வாஷர் வேண்டும். அந்தக் காலத்துப் பட்டறையில் அது கிடைக்கவில்லை. காற்று கசிந்தது. ஒரு நாள் ஐஸ் தரும், இன்னொரு நாள் படுத்துவிடும். அதாவது, "ஐஸ் மெஷின் ஏன் நின்னு போச்சு?" என்று உலகத்தில் முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் இந்த டாக்டரும் ஒருவர்.

13/
முதலீடு தேடி நியூ ஆர்லியன்ஸ் போனார். பணம் போட இருந்த முக்கியக் கூட்டாளி இறந்துவிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. இதன் பின்னால் ஏரி ஐஸ் வியாபாரி டியூடர் இருக்கிறார் என்று கோரி சந்தேகப்பட்டார். பணமும் போய், உடம்பும் கெட்டு, 1855 ஜூன் 29 அன்று இறந்தார். வயது 51.

14/
சரி, அவருடைய வைத்தியம் சரியா? ஒரு டாக்டராக இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தில் இருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அது தவறு. கொசுதான் பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-ல் சொன்னார். 1900-ல் வால்டர் ரீட் குழு அதை நிரூபித்தது. அறையைக் குளிர வைத்தால் வைரஸ் சாகாது. ஆனால் சதுப்பை வடிகட்டி மேடாக்குங்கள் என்று கோரி ஊருக்குச் சொன்னாரே, அது கொசுவைக் குறைக்கும் வேலை. காரணம் தப்பு, யோசனை சரி.

15/
ஐஸால் உயிர் காக்கும் இடம் இன்னொன்று உண்டு: வெப்ப வாதம், ஹீட் ஸ்ட்ரோக். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் குழம்பிப் பேசினால் அல்லது மயங்கினால், முதல் சிகிச்சையே உடம்பைக் குளிர வைப்பதுதான். நிழலுக்குத் தூக்கி, 108-க்கு அழைத்து, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸை துணியில் சுற்றி வையுங்கள். மயங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாதாரண ஜுரத்துக்கு இது வேண்டாம், ஐஸ் வைத்தால் நடுக்கம்தான் கூடும்.

16/
கோரிக்குப் பிறகு வேகம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகையாளர் 1850-களில் ஈதரில் ஓடும் மெஷின் செய்தார். பிரான்ஸின் ஃபெர்டினாண்ட் காரே அம்மோனியாவில் ஓட வைத்தார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, தெற்குத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் வடக்கு ஐஸ் நின்றே போனது. காரேயின் மெஷின்கள் முற்றுகையை மீறித் தெற்கே போய்ச் சேர்ந்தன.

17/
மெட்ராஸிலும் 1870-களில் மெஷின் ஐஸ் வந்தது. கப்பல் ஐஸுக்கு வேலை இல்லாமல் போனது. ஐஸ் ஹவுஸ் கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

18/
வீட்டு ஃப்ரிட்ஜில் தானாக ஐஸ் செய்யும் கருவி 1953-ல் சர்வெல் கம்பெனி மூலம் வந்தது. கோரியின் மெஷினுக்கும் இதற்கும் தேவை மூன்றுதான்: தண்ணீர் உள்ளே வரணும், குளிர் போதணும், சூடு வெளியே போகணும். ஐஸ் நின்றால் இதே வரிசையில் பாருங்க.

19/
தண்ணீர்: ஃப்ரிட்ஜுக்குப் போகும் குழாய் வால்வு திறந்திருக்கா? ஃபில்டர் அடைத்திருக்கா? ஐஸ் பெட்டி நிறைந்ததும் நிறுத்தும் கம்பி ஒன்று இருக்கும். ஏதாவது இடித்து அது மேலே தூக்கியே நின்றால் ஐஸ் வராது. தண்ணீர் விழும் குழாய்க்குள்ளேயே ஐஸ் அடைத்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உருக விடுங்கள். கத்தியால் குத்தவே குத்தாதீர்கள்.

20/
குளிர்: ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கணும். கதவு ரப்பர் விட்டிருக்கா என்று பாருங்க. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், லேசாக வந்தால் அங்கே கசிவு.
சூடு: ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலும், பின்பக்கக் கம்பிகளில் தூசி படிந்திருந்தாலும் சூடு வெளியேறாது.
இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். சரியானதும் முதல் இரண்டு மூன்று ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள். உறைந்தால் கிருமி செத்துவிடாது. குடிக்கக் கூடாத தண்ணீரில் செய்த ஐஸும் சாப்பிடக் கூடாததுதான்.

21/
வீட்டில் ஐஸ் நின்றால் ஜூஸ் கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்றால் கதை வேறு. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க அங்கே இருப்பது ஐஸ் சூழ்ந்த ஃப்ரிட்ஜ். கரண்ட் போனாலும் சுவருக்குள் உறைந்திருக்கும் ஐஸ் பல மணி நேரம் தாங்கிப் பிடிக்கும். ஜோசப் பிளாக் சொன்ன அதே 80 கலோரிதான் உங்கள் குழந்தையின் ஊசியைக் காப்பாற்றுகிறது.

22/
அங்கே ஐஸ் கூடினாலும் ஆபத்து. பென்டாவேலன்ட் மாதிரி சில ஊசிகள் உறைந்தால் வீண். அதனால்தான் ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்திருந்து, பிறகே செவிலியர்கள் ஊசிப் பெட்டிக்குள் வைப்பார்கள். வீட்டில் இன்சுலினும் அப்படித்தான். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் உருக்கிப் பயன்படுத்தாதீர்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைச் சும்மா சும்மா திறக்காதீர்கள்.

23/
கோரி இறந்து 59 வருஷம் கழித்து, 1914-ல், ஃபுளோரிடா மாநிலம் அவருக்கு வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்தது. அவர் மெஷினை முழுதாகச் சரிசெய்யாமலேயே போய்ச் சேர்ந்தார். கசிவை அடைக்கும் வேலையை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். வீட்டில் இன்சுலின் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.