மணற்பலகை முதல் மின்பலகை வரை

விரலே எழுதுகோல். மணலே ஏடு. திண்ணையே பள்ளி. எழுதுவர், அழிப்பர், மீண்டும் எழுதுவர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்களிலே கண்ட காட்சி இது.

பழம்பெருமை பேசிப் பெருமூச்சு விடுவதற்காகவா இதனை நினைவூட்டுகிறேன்? அல்ல, தோழர்களே! இன்று பள்ளிகளில் மின்பலகை ஒளிர்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க குறியீடுகள் இருக்கின்றன. "பாடங்களைத் துண்டு துண்டாக்காதீர், ஒன்றோடொன்று இணைத்துக் கற்பியுங்கள், கருவிகளைத் துணைக்கொள்ளுங்கள்" என்கின்றனர் கல்வியாளர். நல்ல கருத்து. ஆனால் எதனோடு எதை இணைப்பது? யாருக்காக இணைப்பது? இந்தக் கேள்விகளுக்கு விடை செங்கற்பட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் என்ன கற்றனர்? பொன்னிலக்கம் எண்ணையும் பின்னத்தையும் எழுதப் பழக்கிற்று. நெல்லிலக்கம் முகத்தல் அளவையைத் தந்தது. எண்சுவடி வாய்பாட்டை மனத்தில் பதித்தது. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் கணக்கிடக் காட்டிற்று. மொழிக்கு ஓர் அறை, கணக்குக்கு ஓர் அறை, வாழ்க்கைக்கு இடமே இல்லை என்ற நிலை அங்கே கிடையாது. வாய் சொல்லும்போதே விரல் எழுதிற்று. விரல் எழுதும்போதே உள்ளம் எண்ணிற்று. முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பித்தான், அவன்தான் சட்டாம்பிள்ளை.

1787இல் சென்னைக்கு வந்தார் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற சிறுவர்க்கென 1789இல் அமைந்த பள்ளியை நடத்தினார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவியது.

மார்தட்டலாமா? பொறுங்கள். கணக்கைப் பார்த்தபின் தட்டலாம்.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுத்த கணக்கின்படி பள்ளிகள் 12,498; மக்கள் 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி! செங்கற்பட்டில் மட்டும் ஐந்நூறுக்கு மேல். அங்குப் படித்தவருள் பார்ப்பனரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மையினர் என்பதும் அக்கணக்கில் தெரிகிறது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் மாகாணம் முழுவதும் பயின்ற 1,88,650 பேரில் பெண்கள் எத்தனை பேர்? 4,540. நூற்றுக்கு மூவர்கூட இல்லை! சேரியில் பிறந்த பிள்ளைக்கோ, முழ உயரத் திண்ணையும் எட்டாத மலையாயிற்று. மணல் எவரையும் விலக்கவில்லை, மனிதன் விலக்கினான். பாடங்கள் இணைந்திருந்தன, மக்கள் இணையவில்லை!

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் அவலத்தை 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையும், 1893இல் அவர்தம் கல்விக்கு உதவும் ஆணையும் பிறந்தன. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்றது. பள்ளி ஆசிரியராகப் பெண்களை மிகுதியாக அமர்த்த வேண்டும் என்றது.

'இணைப்பு' என்ற சொல்லையே விலங்காக்கிய காலமும் உண்டு. 1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் தந்தையின் தொழில் என்று திட்டம் வகுத்தது. வாழ்க்கையோடு கல்வியை இணைக்கிறோம் என்றனர். வண்ணார் மகன் வெளுக்கவும், குயவர் மகன் வனையவும், அதிகாரி மகன் அதிகாரம் செய்யவும் கற்பதா இணைப்பு? 'குலக்கல்வி' எனப் பெரியாரும் இயக்கத்தாரும் எதிர்த்தனர். நாடே கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆகவே வரலாறு நமக்கு இரு அளவுகோல்களைத் தருகிறது. இணைப்புக் கல்வி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பலகையில் அமர்த்துகிறதா? பிள்ளையைப் பிறப்பிலிருந்து விடுவிக்கிறதா, பிறப்போடு கட்டுகிறதா? இவற்றால் அளந்த பின்னரே கருவியின் விலையைக் கேட்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26. காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ 9 மணிக்கு ஆழிப்பேரலை நம் கரையில் மோதிற்று. இடையே இரண்டரை மணி நேரம்! கடல் பின்வாங்கியபோது பாறைகள் தெரிந்ததைக் கண்டோர் பலர். அதன் பொருளை அறிந்தோர் எத்தனை பேர்? பின்னர் 'விதி' என்றனர். விதியா அது? அதே நாளில் தாய்லாந்தின் பூக்கெட் கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைப்பதைக் கண்டு அபாயத்தை அறிந்தாள், பெற்றோரிடம் சொன்னாள், கரையிலிருந்தோர் தப்பினர். இரு வாரங்களுக்கு முன் அவள் வகுப்பில் ஆழிப்பேரலை பற்றிய பாடம் நடந்திருந்தது, படமும் காட்டினர். ஒரு பாடமும் ஒரு படமும் செய்த வேலை அது!

அப்படியொரு பாடத்தை இங்கே அமைப்போம். கேள்வி ஒன்றே: அலை வந்து சேர எவ்வளவு நேரம்? மின்பலகையில் நிலப்படம் விரியட்டும், தொலைவை அளக்கட்டும். கடலின் ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், நொடிக்கு இத்தனை மீட்டர் என அலையின் வேகம் கிடைக்கும். ஆழம் 3,000 மீட்டர் என்றால் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல்! இது அறிவியல், இதுவே கணக்கு. அலை வெளிப்படுத்திய கல்வெட்டால் சாளுவன்குப்பத்தில் பழைய செங்கற்கோயில் தோண்டி எடுக்கப்பட்டது, அது வரலாறு. அந்நாளைக் கண்ட மீனவ முதியோரின் சொற்களைக் கைப்பேசியில் பதிந்து எழுத்தாக்கட்டும், அது தமிழ். பள்ளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு நடந்து நேரத்தைக் குறிக்கட்டும். அது குடிமைப் பயிற்சி. மின்சாரம் நின்றால்? தரையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும், பாடம் நிற்காது.

மீனவரின் அறிவு வகுப்பறைக்குள் வரட்டும். மீனவரின் மகளை வகுப்பறைக்கு வெளியே அனுப்ப வேண்டாம். கல்தச்சரின் கணக்கை அனைவரும் கற்கட்டும்; அவர் மகன் உளிதான் பிடிக்க வேண்டும் என்று எவரும் விதிக்க வேண்டாம். குலக்கல்விக்கும் இணைப்புக் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அன்று மணற்பலகை இருந்தும் எல்லோருக்கும் இடமில்லை. இன்று மின்பலகை இருக்கிறது. இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். பலகை ஒளிர்கிறதா என்று மட்டும் பாராதீர், அதன்முன் அமர்ந்திருக்கும் பிள்ளை "ஏன்?" என்று கேட்கிறதா என்று பாருங்கள்!