கரப்பான்பூச்சியைப் பார்த்து ஏன் ரோபோ செய்கிறார்கள்?

நீங்கள் செருப்பை எடுத்து ஓங்குவதற்குள் கரப்பான்பூச்சி கதவிடுக்கில் நுழைந்து காணாமல் போயிருக்கும். உங்களுக்கு எரிச்சல். கௌசிக் ஜெயராமுக்கு அதுவே ஆராய்ச்சி.

ஐஐடி பாம்பேயில் படித்தவர் இவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் ராபர்ட் ஃபுல்லுடன் சேர்ந்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன் உயரத்தில் கால்வாசிகூட இல்லாத இடுக்கில் கரப்பான் ஒரு நொடிக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. உடல் எடையைப் போல சுமார் 900 மடங்கு அழுத்தினாலும் அதற்குக் காயமில்லை. (செருப்படி பல சமயம் வேஸ்ட் ஆவது இதனால்தான்.)

அதன் மேலோடு ஒரே துண்டு இல்லை. கெட்டியான தகடுகள், நடுநடுவே வளையும் சவ்வு. அமுக்கினால் உடல் தட்டையாகும், கால்கள் பக்கவாட்டில் விரியும், ஓட்டம் நிற்காது. இதே உத்தியில் ஜெயராம் செய்த உள்ளங்கை அளவு ரோபோ, பாதி உயரத்துக்கு அமுங்கியபடியே ஓடியது. பார்க்க அது கரப்பான் மாதிரி இருக்காது. பூச்சியிடம் வாங்கிக்கொள்வது உருவத்தை அல்ல, ஒரே ஒரு உத்தியை.

இதெல்லாம் எதற்கு? சென்னை மௌலிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூன் 28-ல் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகும் உயிரோடு மீட்கப்பட்டவர் உண்டு. இடிபாட்டில் எந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், எங்கே தோண்டினால் மேலே இருப்பது சரியும் என்பது தெரியாமல்தான் நேரம் போகிறது. மோப்ப நாய் நுழைய முடியாத இடுக்குக்குள் ஒரு கேமரா போனால் கதையே வேறு.

சரி, அப்புறம் ஏன் இன்னும் வரவில்லை? பேட்டரி. ரோபோவின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் உள்ளே இருக்கும் இடம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பேட்டரியை எங்கே வைப்பது? கரப்பானுக்கு உங்கள் சமையலறையில் சிந்திய சோற்றுப்பருக்கை போதும். ஹார்வர்டின் ரோபோபீ 2013-ல் வயரோடுதான் பறந்தது. 2019-ல் வயர் இல்லாமல் பறந்தபோது, வெயிலைவிடப் பலமான விளக்கொளி தேவைப்பட்டது. அதுவும் ஒரு நொடிக்கும் குறைவாக.

ஜெயராம் பிறகு சேர்ந்தது கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில். அவரது குழு 2023-ல் காட்டிய ‘கிளாரி’ வெறும் 2.59 கிராம். இடுக்கு வந்தால் 3.4 சென்டிமீட்டர் அகலத்திலிருந்து 2.1-க்குச் சுருங்கிக்கொள்ளும். அதற்கும் மின்சாரம் வயர் வழியாகத்தான். இடிந்த கான்கிரீட்டுக்குள் வயர் சிக்கிக்கொள்ளும் என்பதால், அதை வெட்டிவிடுவதே அவர்களின் அடுத்த வேலை.