டிக்‌ஷனரி: ஒரு பெயர் வந்த வழி

அகராதி என்ற நம் சொல்லைப் பிரித்தால் அகரம், ஆதி என்று நிற்கும். அகரத்தை முதலாகக் கொண்டது என்று பொருள். சொற்கள் அடுக்கப்பட்ட வரிசையே நூலுக்குப் பெயரானது. ஆங்கிலத்தின் டிக்‌ஷனரிக்கு வேர் வேறு. இலத்தீனில் 'டிகெரே' என்றால் சொல்லுதல். அதிலிருந்து வந்த 'டிக்டியோ', முதலில் சொல்லும் செயலையும் பிறகு இலக்கண ஆசிரியர்கள் வழக்கில் தனிச்சொல்லையும் குறித்தது.

இந்த வேரிலிருந்து 'டிக்டியோனாரியுஸ்' என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தவர் ஜான் ஆஃப் கார்லண்ட். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இலத்தீன் கற்பித்த ஆங்கிலேயர் அவர். அந்தச் சிறுநூலில் அகரவரிசை கிடையாது. உடலுறுப்புகளின் பெயர்களில் தொடங்கி, பாரிஸ் நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் என்னென்ன செய்கிறார்கள், எதை விற்கிறார்கள் என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. மாணவன் ஒவ்வொரு சொல்லையும் அது புழங்கும் இடத்திலேயே சந்தித்தான்.

1538இல் தாமஸ் எலியட் தம் இலத்தீன்-ஆங்கில நூலுக்கு டிக்‌ஷனரி என்று பெயரிட்டார். அதில் இலத்தீன் சொல்லுக்கு எதிரே ஆங்கில விளக்கம் நின்றது. 1604இல் ராபர்ட் காட்ரி, கடினமான ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 2,500ஐத் திரட்டி, எளிய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். அவர் அதை 'அகரவரிசை அட்டவணை' என்றே அழைத்தார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் நூல், தலைப்பில் டிக்‌ஷனரி என்ற பெயரைப் பெற்றது 1623இல், ஹென்றி காக்கெரம் கையால். அதற்குள் அந்தப் பெயர் வரிசையும் வரையறையும் கொண்ட நூலைக் குறிக்கத் தொடங்கியிருந்தது.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் டிக்‌ஷனரி, வரையறையோடு எடுத்துக்காட்டையும் உடன் வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களை நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார் அவர். ஆனால் அவை பெரிய எழுத்தாளர்களின் வரிகள். ஆங்கிலத்தைப் புதிதாகப் பயில்பவருக்கு எட்டாதவை. அந்த மாணவரை மனத்தில் வைத்து உழைத்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், இரு துணையாசிரியர்களுடன் உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று அதில் காட்டினார். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டபோது பெயரில் 'லேர்னர்' சேர்ந்தது. பின்னர் 'அட்வான்ஸ்டு' சேர்ந்தது. நம் கல்லூரி மாணவர்கள் அறிந்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழிவந்ததே.

1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, வரையறையையே முழு வாக்கியமாக எழுதியது. கணினியில் திரட்டிய ஆங்கில உரைகளே அதற்கு ஆதாரம். அந்த உரைகளில் சின்க்ளேர் கண்ட ஒன்று மறக்க முடியாதது. 'செட் இன்' என்ற தொடருக்குத் 'தொடங்கி நிலைபெறு' என்று வரையறை எழுதிவிடலாம். ஆனால் அதற்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் அழுகல், சிதைவு, நம்பிக்கையின்மை போன்ற வேண்டாதவை. வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தவர் மகிழ்ச்சிக்கும் அதையே எழுதுவார். இலக்கணம் தவறாது, கேட்கும் ஆங்கிலேயருக்குச் செவியில் உறுத்தும்.

உயர்நிலை ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடும் பிள்ளைகளுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும். வரையறை ஒரு சொல்லின் எல்லையைக் காட்டும். அது யாரோடு சேரும், எதை ஒதுக்கும் என்பதை வாக்கியம்தான் காட்டும். நாளுக்கு ஐம்பது சொல் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் அகராதி தரும் எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.