ஐயாயிரம் ரூபாய்க் கதவு

1996 சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை அரசு காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்திருந்தார்கள். தேர்தல் தள்ளிப்போனது. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சானது. வென்றவர் ஒரு பெண், சுப்புலட்சுமி ஜெகதீசன்.

வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பு எழும். அது அடங்கியதும் சட்டத்துக்கு வருவேன். அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் 480 வேட்பாளர்கள் நின்றார்கள். ஆகஸ்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாத வேட்பாளரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றானது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதித் தொகை. பெண்களுக்கென்று சலுகை எதுவும் இல்லை. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் கட்டிய பணம் திரும்பாது.

அந்தத் திருத்தம் மாநிலங்களவையைக் கடந்தபோது அவையின் பொதுச் செயலாளராக இருந்தவரும் ஒரு பெண்: வி. எஸ். ரமாதேவி. ஆந்திரத்தில் வழக்கறிஞராகத் தொடங்கி, மத்திய சட்டப் பணியில் சேர்ந்து உயர்ந்தவர். 1990 நவம்பர் 26 முதல் டிசம்பர் 11 வரை தலைமைத் தேர்தல் ஆணையராகவும் இருந்தார். மொத்தம் பதினாறு நாட்கள். அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் வேறு பெண் அமரவில்லை. பிறகு இமாசலப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் ஆளுநரானார்.

அந்தத் திருத்தத்தை ரமாதேவியின் கணக்கில் எழுத முடியாது. சட்டம் இயற்றுவது உறுப்பினர்கள். அவை நடைமுறையைக் காப்பதுதான் பொதுச் செயலாளரின் வேலை. ஆனால், தேர்தல் சட்டம் அறிந்த ஒரு பெண் அவ்வளவு அருகில் இருந்தும் ஏழைப் பெண்ணுக்கு வாசல் குறுகியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருத்தி மேலே போவதும் எல்லோருக்கும் வழி திறப்பதும் ஒன்றல்ல. அதே 1996 செப்டம்பரில் மக்களவையில் அறிமுகமான மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா காலாவதியானது. 2023இல்தான் அந்த ஒதுக்கீடு சட்டமானது. டெபாசிட்டை உயர்த்த ஒரே கூட்டத்தொடர் போதுமாயிருந்தது. இதற்கு 27 ஆண்டுகள்.

விளையாட்டு வேட்பாளரைத் தடுக்கத்தான் டெபாசிட் என்பார்கள். பணமுள்ளவரின் விளையாட்டை அது தடுப்பதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்ணைத்தான் தடுக்கிறது. 2009 திருத்தத்தில் அந்தத் தொகை 10,000 ஆகிவிட்டது.

செக்கிங்கில் வேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: "முன்மொழியப் பத்துப் பேர் எங்கம்மா லைன்லயே கெடைச்சிருவாங்க மேடம். பத்தாயிரத்துக்கு எங்கீங்க போறது?"

அவள் இப்போது சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.