வித்தியோதயப் பிரிவேனா

வித்தியோதயப் பிரிவேனா, கொழும்பு மருதானையை அடுத்த மாளிகாகந்தையில் 1873இல் நிறுவப்பட்ட பௌத்த உயர்கல்விக் கூடம். பிக்குகளைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடங்களை இலங்கையில் பிரிவேனா என்பர். 1959இல் இது பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் வேர் இதுவே.

இதை நிறுவியவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர் (1827–1911). இரத்மலானையில் வலானே சித்தார்த்த தேரர் நடத்திய பரமதம்மசேத்தியப் பிரிவேனாவில் பயின்றவர். சிவனொளிபாத மலையின் தலைமைத் தேரராகவும் இருந்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் பழைய விகாரைக் கல்வி அரச ஆதரவை இழந்திருந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு வழிகாட்டிய பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமார் கையில் இருந்தன. 1873 ஆகஸ்டில் நடந்த பாணந்துறை வாதத்தில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறித்தவப் போதகர்களை எதிர்கொண்டார். மக்களிடையே அந்த வாதம் கிளப்பிய எழுச்சி அடங்குமுன்பே, அவ்வாண்டின் இறுதியில் வித்தியோதய தொடங்கிற்று. மேடையில் வெல்வதற்கு ஒரு குணானந்தர் போதும்; அடுத்த தலைமுறைக்கு அறிஞர் வேண்டும் என்று சுமங்கலர் கணக்கிட்டார் எனலாம். நிர்வாகத்தை வித்தியாதார சபை என்ற இல்லறத்தார் குழு ஏற்றது. பணமும் நிலமும் பெரும்பாலும் கொழும்பு வணிகக் குடும்பங்களிலிருந்து வந்தன. பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலரின் தாய்வழிப் பாட்டனார் அந்திரிஸ் பெரேரா தர்மகுணவர்தன அவர்களுள் முதன்மையானவர்.

பாளி, சமஸ்கிருதம், சிங்களம் ஆகியவை பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. அவற்றைச் சுற்றித் திரிபிடகம், இலக்கணம், யாப்பு, தருக்கம் முதலியன இருந்தன. ஆயுர்வேதமும் சோதிடமும்கூடக் கற்பிக்கப்பட்டன. பிக்குகளோடு இல்லறத்தாரும் அமர்ந்து படித்தனர். சுமங்கலரே பாடம் சொன்னார், நூல் பதிப்பித்தார். படுவந்துடாவே பண்டிதருடன் சேர்ந்து மகாவம்சத்தைச் சிங்களத்தில் பெயர்த்தார். 1881இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்கொட் வெளியிட்ட பௌத்த வினாவிடை நூல் அவருடைய ஒப்புதலோடுதான் அச்சேறியது. 1902இல் தொடங்கிய பிராசீன பாஷோபகார சங்கத்தின் தேர்வுகள் கீழைமொழிக் கல்விக்கு மூன்று படிகளை வகுத்தன. இறுதிப் படியில் தேறியவர் பண்டிதர் பட்டம் பெற்றார். இலண்டன் தேர்வுகளையே கல்வியின் அளவுகோலாகக் கருதிய காலத்தில், உள்ளூர்ப் புலமைக்கு இது தனியொரு மதிப்பைத் தந்தது.

வெளிநாட்டிலிருந்தும் மாணவர் வந்தனர். ஜப்பானிய பிக்கு ஷாகு கோசென் சுமங்கலரிடம் பயின்றார். கோவாவில் பிறந்த தர்மானந்த கோசாம்பி 1902இல் இங்கு வந்து பாளி கற்றார். பின்னாளில் புனேயிலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் பௌத்த நூற்புலமையாளராக விளங்கினார். இந்தியாவில் மீண்டும் துளிர்த்த பாளிக் கல்வி மாளிகாகந்தைக்குப் பெரிதும் கடன்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1898இல் ஒல்கொட்டுடன் கொழும்பு சென்ற அயோத்திதாச பண்டிதர் சுமங்கலரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுவோர் சுமங்கலரின் பங்கை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அது போதாது.

சுமங்கலரின் உடன்மாணாக்கரான இரத்மலானே தர்மாலோக தேரர் 1875இல் பேலியகொடையில் வித்தியாலங்காரப் பிரிவேனாவை நிறுவினார். இந்தி எழுத்தாளர் ராகுல சாங்கிருத்தியாயன் 1920களின் இறுதியில் அங்கே சமஸ்கிருதம் கற்பித்தபடியே பாளி படித்தார். 1946இல், பிக்குகள் அரசியலில் ஈடுபடலாம் என்று அறிக்கை விட்டதும் வித்தியாலங்காரவே.

பண்டாரநாயக்க அரசாங்கம் 1958ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தால் இரண்டு பிரிவேனாக்களையும் பல்கலைக்கழகங்களாக்கியது. வித்தியோதயவின் முதல் துணைவேந்தர், சிங்கள அகராதி தொகுத்த வெலிவிட்டியே சோரத தேரர். வித்தியாலங்காரவுக்குக் கிரிவத்துடுவே பிரஞ்ஞாசார தேரர். 1961இல் வித்தியோதயப் பல்கலைக்கழகம் நுகேகொடைக்கு அருகே கங்கொடவிலவுக்கு இடம்பெயர்ந்தது. சிங்கள வழியில் பட்டம் பெற வழி திறந்ததால் கிராமத்துப் பிள்ளைகள் திரளாக வந்தனர். பட்டத்துக்கேற்ற வேலைதான் நாட்டில் இல்லை. மக்கள் விடுதலை முன்னணியின் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இரு பல்கலைக்கழகங்களின் மாணவர் பலரும் சேர்ந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் இரண்டு வளாகங்களும் தடுப்பு முகாம்களாயின.

1972இல் இவை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப்பின் முறையே ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி என்ற பெயர்களில் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் இன்று முகாமைத்துவமும் மருத்துவமும் அறிவியலும் மேலோங்கி நிற்கின்றன. பௌத்தக் கல்வி, பல துறைகளில் ஒன்றாகிவிட்டது. களனி இவ்விஷயத்தில் மரபைக் கூடுதலாகக் காத்தது: 1975இல் உருவான பாளி, பௌத்த பட்டப்பின் படிப்பு நிறுவனம் அதனோடு இணைந்தே இயங்குகிறது, பல நாட்டு மாணவர் அங்கு ஆய்வுப் பட்டத்துக்கு வருகின்றனர்.

பிரிவேனாக்களைப் பல்கலைக்கழகமாக்கிய கொள்கை அதன் முதல் நோக்கில் தோற்றது என்பதற்கு அரசே சான்று தந்துவிட்டது. பௌத்தக் கல்விக்கென்று 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் பௌத்த, பாளிப் பல்கலைக்கழகத்தையும், பிக்குகளுக்கென்று 1996இல் அநுராதபுரத்தில் பிக்குப் பல்கலைக்கழகத்தையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. ஹோமாகமயில் இயங்கும் முன்னது பாளி, சமஸ்கிருதம், பௌத்த தத்துவம், பௌத்தப் பண்பாடு போன்ற பாடங்களில் இளங்கலையும் முதுகலையும் வழங்குகிறது. இல்லறத்தாரும் வெளிநாட்டவரும் சேரலாம். ஏறத்தாழ சுமங்கலரின் பாடப்பட்டியல்தான்.

பல்கலைக்கழகம் பிரிந்துபோன பிறகும் மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவேனா பிக்குகளுக்கான கல்விக்கூடமாகவே தொடர்கிறது.