2.512: நட்சத்திரக் கணக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மெட்ராஸ் மனுஷன்

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு அசடு வழிஞ்ச கதையோட ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி ஆன்லைன்ல ஒரு அறிமுக வானியல் கோர்ஸ்ல சேர்ந்தேன். முதல் பயிற்சி ரொம்ப சிம்பிள்: கொடுத்த நட்சத்திரங்களைப் பிரகாசமானதுல ஆரம்பிச்சு மங்கலானது வரை வரிசைப்படுத்தணும். பைத்தான்ல பத்து வரி. ரன் பண்ணிப் பார்த்தா, ராத்திரி வானத்துலயே அதிகமா ஜொலிக்கிற சிரியஸ் லிஸ்ட்டோட கடைசியில நிக்குது! ஒரு மணி நேரம் பக் தேடினேன். கோட் சரியாத்தான் இருந்தது. அந்த அளவுகோலே தலைகீழ். நம்பர் குறையக் குறைய பிரகாசம் கூடும். சிரியஸோட மேக்னிட்யூட் மைனஸ் 1.46.

இது பழைய கிரேக்கர்கள் விட்டுட்டுப் போன லெகசி சிஸ்டம். கண்ணுக்குப் பளிச்சுனு தெரியுறது முதல் தரம், கஷ்டப்பட்டுப் பார்த்தா தெரியுறது ஆறாம் தரம். தாலமியோட அட்டவணையிலயே இந்த முறை இருக்கு. அதுல கணக்குன்னு எதுவும் கிடையாது, எல்லாம் கண் மதிப்புதான். 19-ஆம் நூற்றாண்டுல ஒளியை அளந்து பார்க்க ஆரம்பிச்சப்போ, முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் நடுவுல சுமார் 100 மடங்கு வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சது. ஆனா ஒரு படிக்கு எத்தனை மடங்கு? ஆளாளுக்கு ஒரு எண் சொன்னாங்க.

1856-ல ஆக்ஸ்ஃபோர்டுல உதவியாளரா இருந்த நார்மன் போக்சன் ஒரு எண்ணைப் பிடிச்சு வெச்சார்: 2.512. ஐந்து படி ஏறினா சரியா 100 மடங்கு. இதை அவர் சொன்னது நட்சத்திரங்களைப் பத்தின கட்டுரையிலகூட இல்ல, சிறுகோள்களோட பிரகாசத்தைக் கணக்கிடுற ஒரு கட்டுரையில. அவர் கொடுத்த காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: கணக்குப் போட வசதி! 2.512-ஓட லாக் 0.4. அதுல பாதி 0.2. அதைத் தலைகீழாக்கினா முழுசா 5. லாக் டேபிளைப் புரட்டிப் புரட்டிக் கையால கணக்குப் போட்ட காலத்துல, திரும்பத் திரும்ப வர்ற ஒரு மாறிலி முழு எண்ணா இருக்கிறது எவ்வளவு பெரிய நிம்மதி.

அந்த 5-ஐ இன்னைக்கும் எல்லா மாணவர்களும் எழுதுறாங்க. தூரத்தை பார்செக்ல எடுத்து, 10-ஆல வகுத்து, லாக் எடுத்து, 5-ஆல பெருக்கி, அதைத் தெரியுற மேக்னிட்யூட்ல இருந்து கழிச்சா உண்மையான மேக்னிட்யூட் கிடைக்கும். அதாவது அந்த நட்சத்திரம் 10 பார்செக் தூரத்துல இருந்தா எப்படித் தெரியுமோ, அது.

சிரியஸ் 2.64 பார்செக். போட்டுப் பார்த்தா 1.43 வரும். சூரியனுக்கு அதே கணக்குல 4.83. வித்தியாசம் 3.4 படி. 2.512-ஐ 3.4 அடுக்குக்கு உயர்த்தினா சுமார் 23. கண்ணுக்குத் தெரியுற ஒளியில சிரியஸ், சூரியனைப் போல 23 மடங்கு.

இப்போ கனோபஸ், நம்ம அகத்திய நட்சத்திரம். பிப்ரவரி ராத்திரியில மொட்டை மாடியில நின்னு தெற்கே பாருங்க, சிரியஸுக்குக் கீழே தெரியும். மேக்னிட்யூட் மைனஸ் 0.74, பார்வைக்கு ரெண்டாமிடம்தான். ஆனா தூரம் சுமார் 95 பார்செக். கணக்கை முடிச்சா சூரியனைப் போல பத்தாயிரம் மடங்குக்கும் மேல! நான் ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

இந்த போக்சன் 1861-ல மெட்ராஸ் வந்துட்டார், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வகத்துக்கு அரசு வானியலாளரா. அதாவது நட்சத்திரம் பார்க்கிற அப்சர்வேட்டரி. இன்னைக்கு காலேஜ் ரோட்டுல மழை அறிவிப்பு சொல்ற ஆபீஸ் இருக்கே, அதே வளாகம். வந்த வருஷமே ஏப்ரல்ல இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு, அதுக்கு 'ஏசியா'ன்னு பேர் வெச்சார். 1891-ல இறக்குற வரை இங்கேயேதான் வேலை பார்த்தார்.

அவர்கிட்ட உதவியாளரா இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சின்ன வயசுலயே அந்த ஆய்வகத்துல வேலைக்குச் சேர்ந்தவர். நட்சத்திரங்களோட இடத்தையும் பிரகாசத்தையும் ராத்திரி ராத்திரியா அளந்து எழுதுற வேலை. 1867-ல ஒரு நட்சத்திரத்தோட பிரகாசம் மாறுதுன்னு அவர் கண்டுபிடிச்சார். அதுக்கு இன்னைக்குப் பேர் ஆர் ரெட்டிகுலி. அது உச்சத்துல இருந்து அடிமட்டத்துக்கு 7 மேக்னிட்யூடுக்கும் மேல மங்கிடும். போக்சன் கணக்குப்படி 600 மடங்குக்கும் மேல. அப்புறம் திரும்பவும் ஏறும். ஒரு சுற்றுக்கு ஒன்பது மாசம் போல ஆகும்.

இதுல ஒரு விஷயம் என்னை விடவே மாட்டேங்குது. அந்த நட்சத்திரம் வானத்தோட தென்கோடியில இருக்கு. இங்கிலாந்துல இருந்து எந்த ராத்திரியும் பார்க்க முடியாது. சென்னையிலயே தொடுவானத்துக்கு மேல 14 டிகிரிதான் ஏறும். அளவுகோல் ஆக்ஸ்ஃபோர்டுல பிறந்ததுதான். ஆனா இந்த நட்சத்திரத்தை அளக்க நுங்கம்பாக்கத்துல, தெற்கே, கீழ்வானத்தைப் பார்த்தபடி ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும்.

ரகுநாதாச்சாரி 1880-ல இறந்துட்டார். ஆய்வகத்தோட வானியல் வேலையெல்லாம் 1899-ல கொடைக்கானல் போயிடுச்சு. தொலைநோக்கியைத் தாங்கின கருங்கல் தூண் மட்டும் காலேஜ் ரோட்டுலயே நிக்குது. அதுல தமிழ்லயும் எழுதியிருக்கு. அந்த ரோட்டுல எத்தனை தடவை சிக்னல்ல நின்னிருப்பேன்னு எனக்கே தெரியல.